முன்னறையில் ஓடிய விசிறி

மதுரங்குளி
07.07.2025

அக்கீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கும் உன் தம்பி நுஸ்கிக்கும் என் ஸலாம்.

காதி நீதிமன்றத்தில் காதியார் சொன்னபடி எழுதுகிறேன். "போன்ல கதைக்க வாணாம். ஒராள் கதைக்கக்குள்ள மத்தாள் குறுக்க பாயிறீங்க. கடுதாசி எழுதுங்க. கடுதாசிக்குள்ள குறுக்க பாய ஏலா" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. செப்டம்பர் 14ஆம் திகதி எங்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். விவாகத்தை முறித்துத் தரச் சொல்லி நீ போட்ட மனுவை நடத்துவதா, திருப்பி எடுப்பதா என்று அன்றைக்குக் கேட்பார். அதற்குமுன் இரண்டு பேரும் தங்கள் பக்கத்தை எழுதித் தீர்க்க வேண்டுமாம். நுஸ்கி தினமும் இங்கே ஹார்ட்வெயார் கடைக்கு வேலைக்கு வந்துபோவதால் அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

என் பக்கம் இதுதான். பெப்ரவரி 18ஆம் திகதி பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் முன்னறையில் கம்பியூட்டரில் ஒரு கல்யாணக் கார்ட் அடித்துக்கொண்டிருந்தேன். நீ பின்பக்கத்துக் குளியலறையில் விழுந்து கிடந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். மூன்று தரம் கூப்பிட்டதாகச் சொல்கிறாய். எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கௌசல்யா வேலியைத் தாண்டி ஓடி வந்து உன்னைத் தூக்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். வயிற்றிலிருந்த ஐந்து மாதப் பிள்ளை போய்விட்டது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கரைத்தீவுக்கு, உம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு நீ வரவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். என் கம்பியூட்டரின் பின்பக்கத்தில், கரண்ட் வயர் செருகுகிற இடத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பவர் சப்ளை என்பது அதுதான். அதற்குள் ஒரு சின்ன விசிறி, பெட்டி சூடாகாமல் காற்று வாங்க. எட்டு வருஷம் ஓடிய விசிறி. கடற்கரைக் காற்றில் உப்பு, பின்னாலுள்ள தென்னந்தோட்டத்துத் தும்புத்தூசி, எல்லாம் அதற்குள்தான் போகும். கார்ட் அடிக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் பெயரை இரண்டு தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததை நீயே பார்த்திருக்கிறாய். ஒரு தடவை ஒரு மனிதர், "என்ன தம்பி, உள்ளுக்கு நெல்லுக் குத்துறியா?" என்று கேட்டார். நீதான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாய்.

ஆகவே நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அந்தச் சத்தத்தை நிப்பாட்டுவேன். காதியார் தந்த தவணைக்குள் நிப்பாட்டுவேன். குற்றம் எதில் இருந்ததோ அதைச் சரிசெய்துவிட்டு உன்னைக் கூப்பிடுவதுதான் முறை.

இன்சாப்


கரைத்தீவு
12.07.2025

மச்சான்,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பிள்ளைக்கு ஒரு வரி. விசிறிக்கு அரைப் பக்கம். உம்மா எண்ணவில்லை, நான்தான் எண்ணினேன். வேறு வேலை இல்லையா என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. ஹஜ்ஜு முடிந்து கல்யாணங்கள் தொடங்கிவிட்டன. சட்டைத் துணிகள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. நான்கு தைத்தால் முதுகு நோகிறது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அப்படித்தான்.

இங்கே ஆட்கள் வந்து பார்ப்பது இன்னும் நிற்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி. "ஊட்டுல ஒங்கட மாப்புள இரிக்கல்லையா?" இருந்தார் என்கிறேன். "அப்ப?" என்கிறார்கள். உடனே உம்மா, "அந்த மெசின்ட சத்தம் மகள், ஒண்டும் கேக்காது" என்று எனக்குப் பதிலாகச் சொல்லிவிடுகிறார். ஆஸ்பத்திரியில் நீங்கள் உம்மாவிடம் சொன்னதுதான் அது. உங்கள் மேலுள்ள மரியாதையில் அதைத் தொண்ணூறு பேருக்காவது சொல்லியிருப்பார். மன்னாரிலிருந்து அகதியாகப் பெட்டியும் படுக்கையுமாக வந்த குடும்பத்தில், உள்ளூரில் சொந்தக் காணி உள்ள மருமகன் என்றால் அந்த மரியாதை கொஞ்சம் கூடத்தான்.

என் பக்கத்தை எழுதச் சொன்னார்கள். என் பக்கம் நீளமில்லை. ஒரு கேள்விதான். கேட்கவில்லை என்று நீங்கள் உம்மாவிடம் சொன்னீர்கள், உங்கள் கூடப்பிறந்த ராத்தாவிடம் சொன்னீர்கள், காதியாரிடமும் சொன்னீர்கள். என் முகம் பார்த்துச் சொன்னதில்லை. நானும் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். மச்சான், அன்றைக்கு உங்களுக்கு உண்மையாகவே கேட்கவில்லையா?

விசிறியை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

அக்கீலா


மதுரங்குளி
24.07.2025

அக்கீலாவுக்கு,

ஸலாம். பதில் பிந்திவிட்டது. வேலையும் இல்லை, வீட்டில் நிம்மதியும் இல்லை. நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்தாலும் பரவாயில்லை.

முதலில் பெட்டியைச் சுற்றி ஒரு பழைய மெத்தையின் பஞ்சைக் கட்டினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. ராத்தா வந்து பார்த்துவிட்டு, "பிரசவத்துக்குப் படுத்த பொம்புளயச் சுத்துற மாதிரிச் சுத்தி வெச்சிரிக்கிறாய்" என்றா. அரை மணித்தியாலம் போனது. காற்றுப் போக வழியில்லாமல் சூடேறிக் கம்பியூட்டர் தானாக அணைந்தது. சேமிக்காமல் வைத்திருந்த ஒரு தவணைப் பரீட்சைத் தாள் முழுக்கப் போய்விட்டது. டியூட்டரி மாஸ்டர் என்னோடு கோபம்.

பிறகு பெட்டியைக் கழற்றி விசிறியைக் கையில் எடுத்தேன். நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத்தாளை உரித்தால் அதற்குக் கீழே விசிறி சுழலும் தண்டு தெரியும். அது காய்ந்துபோனால்தான் கரகரக்கும். எண்ணெய் விட வேண்டும். வீட்டில் இருந்த எண்ணெய் எது என்று உனக்குத் தெரியும். உன் அலுமாரிக்குப் பக்கத்துப் போத்தலில் எங்கள் தோட்டத்துத் தேங்காயெண்ணெய் முக்கால்வாசி இருந்தது. கோழி இறகால் நன்றாகவே தடவினேன். கஞ்சத்தனம் பண்ணவில்லை.

மூன்று நாள் பூனைக்குட்டி போல ஓடியது. நான்காம் நாள் சூடேறி வீடு முழுக்கப் பலகாரம் பொரிக்கிற மணம். கார்ட் அடிக்க வந்த ஒரு பெண், என்ன விசேஷம் என்று கேட்டார். ஐந்தாம் நாள் எறும்பு வந்தது. வரிசை கட்டி, சுவரேறி, மேசையேறி, பெட்டிக்குள் போனது. எண்ணெய் தூசியையும் எறும்பையும் சேர்த்துப் பிசைந்து களியாக்கி வைத்திருக்கிறது. இப்போது விசிறி முன்னைவிடச் சத்தமாக ஓடுகிறது. நேற்று அதற்குப் பக்கத்தில் இருக்கையில் ராத்தாவே என்னைக் கூப்பிட்டது கேட்கவில்லை. தோளில் தட்டினா. இதை நான் உனக்குச் சொல்ல விரும்பினேன்.

உன் கேள்விக்கு நான் முதல் கடிதத்திலேயே பதில் எழுதிவிட்டேன். கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அதையே திரும்பத் திரும்பக் கேட்பதால் பதில் மாறப்போவதில்லை.

முதுகு நோவுக்கு ஆரையாவது பார்த்தாயா?

இன்சாப்


கரைத்தீவு
30.07.2025

மச்சான்,

எறும்புப் பகுதியை வாசித்துச் சிரித்தேன். பெப்ரவரிக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தது இதுதான் முதல் தரம். உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். சிரித்து முடிந்ததும் களைப்பாக இருந்தது. அதையும் சொல்கிறேன்.

தேங்காயெண்ணெயை இயந்திரத்துக்கு விடுகிற ஆளை நான் உங்களைத் தவிர வேறு எங்கும் கண்டதில்லை. தென்னந்தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு எல்லா நோவுக்கும் அதுதான் மருந்து. நுஸ்கியின் கையில் என் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் அனுப்புகிறேன். முதலில் அந்தக் களியை வழித்துத் துடையுங்கள். பிறகு ஒரு சொட்டு. மச்சான், ஒரே ஒரு சொட்டு. தையல் மெஷினுக்கு நான் விடுவதைப் பத்து வருஷம் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தீர்களோ தெரியாது, பக்கத்தில் இருந்தீர்கள்.

கௌசல்யா எனக்குப் போன் எடுத்தா. பாவம், அவவுக்கு இன்னும் அந்த நாள் கனவில் வருகிறதாம். அன்றைக்கு அவ ரேடியோவைப் போட்டுக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறா. அதற்குள் என் சத்தம் கேட்டு, கத்தியையும் போட்டுவிட்டு வந்தாவாம். "அக்கா, நீங்க கூப்பிட்டது ரெண்டு தரம் எனக்குக் கேட்டது" என்கிறா. வேலிக்கு அந்தப் பக்கம், மீனும் ரேடியோவுமாக இருந்தவளுக்கு இரண்டு தரம்.

கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதாகச் சொல்கிறீர்கள். எனக்கும் அதைக் கேட்க ஆசையில்லை. அதனால் கேட்கவில்லை. ஒரு வேலை சொல்கிறேன். விசிறியைச் சரி பண்ணுவதற்கு முன்னால், அது அந்தப் பழைய சத்தத்தோடு ஓடும்போதே, ஒரு ஆளைக் குளியலறையில் நிற்கவைத்து "மச்சான்" என்று கூப்பிடச் சொல்லுங்கள். கத்த வேண்டாம். வலியில் கூப்பிடுகிற ஆள் எவ்வளவு சத்தம் போடும் என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால் கௌசல்யாவைக் கேளுங்கள். நீங்கள் முன்னறையில் இருங்கள். என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள். அவ்வளவுதான்.

முதுகை யாருக்கும் காட்டவில்லை.

அக்கீலா


மதுரங்குளி
16.08.2025

அக்கீலாவுக்கு,

ஸலாம். நல்ல செய்தி. சத்தம் போய்விட்டது.

உன் எண்ணெய் வந்த அன்றே பெட்டியைப் பக்கத்து ஊரான முந்தலுக்குக் கொண்டுபோனேன். அங்கே றொபி என்று ஒருவர் கம்பியூட்டர் திருத்துகிறார். நான் வீட்டில் பெட்டியைத் திறந்த கதையைச் சொன்னதும் தலையில் கைவைத்தார். "அண்ணே, இந்தப் பெட்டிய இப்பிடித் தொறக்கக் கூடாது. வயரக் கழட்டினாலும் உள்ளுக்குக் கரண்ட் தேங்கி நிக்கும். தொட்டா ஆளையே தூக்கி எறியும். ஒங்களுக்கு ஆயுசு கெட்டி" என்றார். எனக்கு ஏதாவது நடந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று வரும் வழியில் பஸ்ஸில் யோசித்தேன். ஓடி வந்திருப்பாய் என்றுதான் தோன்றியது.

றொபி அந்த விசிறியைப் பார்த்துவிட்டு, எண்ணெய் விட்டு ஓட்டுகிற கட்டம் தாண்டிவிட்டது, தண்டே தேய்ந்து ஆடுகிறது என்றார். கொழும்பிலிருந்து புது விசிறி ஒன்று எடுப்பித்துப் போட்டார். மெதுவாகச் சுழலும் ஜாதி. திருகாணிகளுக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வட்டம் வட்டமாக வைத்தார், அதிர்வு தகரத்தில் ஏறாமல் இருக்க. நான் வீட்டுக்கு வந்து கம்பியூட்டரையே மேசையிலிருந்து இறக்கித் தரையில் ஒரு தும்புப் பாயின் மேல் வைத்தேன். மேசைதான் பாதிச் சத்தத்தைப் பெரிதாக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. இது எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஐந்து நிமிஷத்தில் செய்திருக்கக்கூடிய வேலை.

இப்போது கம்பியூட்டர் ஓடுகிறதா என்று குனிந்து லைட்டைப் பார்த்தால்தான் தெரியும். நேற்று ஒருவர் வந்து வழக்கம்போலக் கத்தி மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு, தன் சத்தத்துக்குத் தானே வெட்கப்பட்டார்.

நீ சொன்ன அந்தச் சோதனையைச் செய்ய முடியவில்லை. பழைய சத்தம் இப்போது இல்லையே. உன் கடிதம் வருவதற்கும் றொபியிடம் போவதற்கும் இடையில் நேரம் கிடைக்கவில்லை. இனிமேல் அதில் என்ன இருக்கிறது? வீடு அமைதியாக இருக்கிறது. நீ எங்கே இருந்து கூப்பிட்டாலும் இப்போது எனக்குக் கேட்கும். வந்துவிடு, அக்கீலா. ராத்தாவும் கேட்கச் சொன்னா.

இன்சாப்


கரைத்தீவு
21.08.2025

மச்சான்,

சத்தம் போனது சந்தோஷம். கார்ட் அடிக்க வருகிறவர்களுக்கு லேசு.

நான் எண்ணெயை அனுப்பிய அதே கடிதத்தில்தான் அந்த வேலையையும் சொன்னேன். புது விசிறி எடுப்பிக்க நேரம் கிடைத்திருக்கிறது, முந்தலுக்குப் போக நேரம் கிடைத்திருக்கிறது. ஒரு ஆளைக் குளியலறையில் நிற்கவைத்து ஒரு சொல்லைச் சொல்லவைக்க நேரம் கிடைக்கவில்லை.

இனிமேல் நான் கூப்பிட்டால் கேட்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இனிமேல் கூப்பிட வாய் வருமா என்று தெரியாது. இங்கே தண்ணீர் வாளி தூக்க முடியாவிட்டாலும் நுஸ்கியைக் கூப்பிடுவதில்லை. அவன் பத்து அடியில் நிற்பான். கூப்பிட்டு ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வருகிறது. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பழைய விசிறியை நீங்கள் எறிந்திருக்க மாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும். பிய்ந்த கீபோர்ட், வேலை செய்யாத மவுஸ், எல்லாம் அந்த மேசை லாச்சிக்குள்தான் இருக்கும். எடுத்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

களைப்பாக இருக்கிறது. இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. 14ஆம் திகதிக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.

அக்கீலா


மதுரங்குளி
03.09.2025

அக்கீலாவுக்கு,

விசிறி லாச்சிக்குள்தான் இருந்தது.

றொபியைக் கூப்பிட்டுத் திரும்பப் போடுவித்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணே, நல்லா ஓடுறத எடுத்துட்டு இந்தப் பாழாப்போனதப் போடச் சொல்றீங்க" என்றார். ஒரு மணித்தியாலத்துக்குத்தான், பிறகு திரும்ப மாற்றுங்கள் என்றேன். கம்பியூட்டரையும் தரையிலிருந்து எடுத்துப் பழையபடி மேசைமேல் வைத்தேன். போட்டதும் அந்தச் சத்தம் வந்தது. எட்டு வருஷம் அதோடு இருந்தவனுக்கு இப்போது தலை இடித்தது.

குளியலறையில் நிற்க ராத்தாவைக் கேட்டேன். உனக்குத் தெரியும், ஆரம்பத்திலிருந்தே அவ என் பக்கம். நீ போட்ட மனுவைப் பற்றி அவ ஊரில் கதைத்தவையெல்லாம் உன் காதுக்கும் வந்திருக்கும். அதனால் அவவையே கேட்டேன். அவவின் வாயாலேயே கேட்காது என்று வரட்டும் என்று நினைத்தேன். கத்தாமல், ஏலாத ஆள் மாதிரிக் கூப்பிடச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னேன். அன்றைக்கு நீ கதவைச் சாத்தியிருந்தாயா தெரியாது, ஆனாலும் சாத்தச் சொன்னேன்.

நான் முன்னறையில் உட்கார்ந்து கார்ட் ஒன்றை அடிக்கத் தொடங்கினேன். விசிறி ஓடியது.

முதல் தரமே கேட்டது.

தெளிவாக இல்லை. என்ன சொல் என்று விளங்காது. ஆனால் ஒரு பெண் பின்னுக்கு இருந்து கூப்பிடுகிறாள் என்பது கேட்டது. இரண்டாம் தரமும் கேட்டது. மூன்றாம் தரம் ராத்தா சத்தத்தை நன்றாகக் குறைத்திருக்கிறா. அதுவும் கேட்டது.

ராத்தா வந்து வாசலில் நின்றா. "கேட்டிச்சா?" என்றா. ஓம் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டா. அன்றிலிருந்து வரவில்லை. சோறு மட்டும் மகனிடம் கொடுத்தனுப்புகிறா.

அன்றைக்குப் பிரிண்டரும் ஓடிக்கொண்டிருந்தது. அதை இந்தச் சோதனையில் நான் சேர்க்கவில்லை. பிரிண்டர் ஓடினால் சத்தம் வேறு. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்சாப்


மதுரங்குளி
06.09.2025

அக்கீலா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். பிரிண்டர் அன்றைக்கு ஓடவில்லை. அதில் மை முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. போன கடிதத்தை நுஸ்கியின் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று எழுதுவதும் பொய்தான். எழுதும்போதே தெரியும்.

அன்றைக்கு எனக்குக் கேட்டது.

முதல் தரம் கேட்டது. "மச்சான்" என்று கேட்டது. உன் குரல்தான் என்றும் தெரியும். ஏன் வரவில்லை என்று கேட்பாய். நானும் ஏழு மாதமாகக் கேட்டுப் பார்க்கிறேன். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் போனதிலிருந்து உனக்குப் பயம். இந்தப் பிள்ளை வந்த நாளிலிருந்து நீ என்னைக் கூப்பிடாத நாள் இல்லை. கால் வீங்கியிருக்கிறது, பாருங்கள். வயிறு இழுக்கிறது, பாருங்கள். காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை, கைவைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தரமும் எழும்பி ஓடி வந்தேன். ஒவ்வொரு தரமும் அல்லாஹ்வின் காவலில் ஒன்றுமில்லை. எனக்கும் பயம்தான். பயந்து பயந்து களைத்துப்போனேன், அக்கீலா. அதை உன்னிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

அன்றைக்குப் பொழுதுபட மஃரிபுக்குக் கார்ட் எடுக்க ஆள் வருவதாக இருந்தது. இந்த ஒரு வரியை முடித்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். முடித்தேன். பிறகு அடுத்த வரி. இரண்டாம் தரமும் நீ கூப்பிட்டது கேட்டது. "வாறன்" என்று சொன்னேன். வாய்க்குள்தான் சொன்னேன். மூன்றாம் தரம் கேட்கவில்லை. அது சத்தியம். அதற்குள் கௌசல்யா வந்துவிட்டா.

ஆஸ்பத்திரியில் உம்மா, "நீங்க ஊட்டுலதானே இருந்தீங்க மகன்?" என்று கேட்டார். திட்டவில்லை, அழுதுகொண்டு சும்மா கேட்டார். விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று என் வாய் சொல்லிவிட்டது. அந்த விசிறியை எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. பிறகு அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. விசிறியைத் திருத்தத் தொடங்கியதும் அதனால்தான். அது சரியாகிவிட்டால் எல்லாம் அதனால்தான் நடந்தது என்று ஆகிவிடும் என்று இருந்தேன்.

பிள்ளை என்னால்தான் போனது. 14ஆம் திகதி காதியார் முன்னால் இதைச் சொல்கிறேன். நீ கேட்டபடி அவர் முறித்துத் தரட்டும். நான் மறுத்துப் பேச மாட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை.

இன்சாப்


கரைத்தீவு
10.09.2025

மச்சான்,

கடிதம் கிடைத்தது. போன கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் உம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார். விசிறியைப் பற்றித்தான் என்றேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் எழுதுகிறேன். நான் முதல் தரம் கூப்பிட்டபோது நீங்கள் உட்கார்ந்திருந்த கதிரை பின்னால் தள்ளுப்பட்டது. சீமெந்துத் தரையில் அது உரசுகிற சத்தம் எனக்குத் தெரியும். வாறார் என்று நினைத்து, அடுத்த தரம் கூப்பிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தேன். பிறகு கதிரை முன்னுக்கு இழுபட்டது. அதுவும் எனக்குக் கேட்டது. அந்த விசிறி அவ்வளவு சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டது.

ஆகவே தெரியாமல் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டுதான் கேட்டேன். நீங்கள் கேட்கவில்லை என்று சொல்கிற ஒவ்வொரு தரமும் அந்தக் கதிரை எனக்குத் திரும்ப முன்னுக்கு இழுபட்டது. மனு போட்டது அதற்காகத்தான். என்னை விட்டுவிட்டு வேலை செய்த மனிதனோடு நான் இருந்துவிடுவேன். அவரும் களைத்தவர்தான், எனக்கும் அது தெரியும். கூப்பிட்டுக் கூப்பிட்டு உங்களைக் களைக்கவைத்தவளும் நான்தான். ஆனால் நான் கூப்பிட்டதையே இல்லை என்று சொல்கிறவரோடு எப்படி இருப்பது?

இன்னொன்று. பிள்ளை உங்களால் போகவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் நான் கேட்டேன். நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருப்பீர்கள். முதல் தரம் கூப்பிட்டபோதே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது, அது காலையிலேயே உள்ளுக்குள் முடிந்துவிட்டது என்றார். நீங்கள் வந்திருந்தாலும் பிள்ளை தங்கியிருக்காது. நான் தனியாக இருந்திருக்க மாட்டேன். எனக்கு அது போதுமாக இருந்தது, மச்சான். இதை ஏழு மாதம் சொல்லாமல் வைத்திருந்தது என் பிழை. நீங்கள் உண்மையைச் சொல்லும்வரை சொல்வதில்லை என்று வைராக்கியம் பிடித்திருந்தேன். நீங்கள் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு விசிறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காதியாரிடம் மனுவைத் திருப்பி எடுக்கிறேன். உடனே வீட்டுக்கு வருவேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் போய்விட்டது, களைப்பு போகவில்லை. அது போக எவ்வளவு காலம் எடுக்கும் என்று தெரியாது.

அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் இங்கே வாருங்கள். எனக்கு எழுதியதை உம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். தொண்ணூறு பேருக்கு உங்களுக்காகக் கதைத்தவர் அவர். கேட்டதும் கத்துவார், அழுவார், வெளியே போகச் சொல்வார். நீங்கள் எழும்பிப் போய்விடாதீர்கள். அது முடியும்வரை நான் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

அக்கீலா